ஒரண்டாவின் வால் ஏன் கிழிகிறது? தங்கமீன் தொட்டியில் துரத்தலும் துடுப்புச் சேதமும்

நீங்கள் எழுதியதன் சாரம் இது: இரண்டடித் தொட்டியில் ஓர் ஒரண்டா, ஒரு பிளாக் மூர், இரண்டு காமெட் ஆகிய தங்கமீன்களும், பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்றும் ஐந்து மாதங்களாக ஒன்றாக இருக்கின்றன. போர் தண்ணீர்தான் பயன்படுத்துகிறீர்கள். மாதம் ஒருமுறை தொட்டியை முழுவதும் காலி செய்து, கற்களையும் பில்டரையும் குழாய் நீரில் கழுவுகிறீர்கள். இரண்டு வாரங்களாகக் காலை வேளையில் காமெட்கள் ஒரண்டாவை விடாமல் துரத்துகின்றன. ஒரண்டாவின் வால் நுனி நார்நாராகப் பிரிந்து, ஓரம் வெளுத்திருக்கிறது. கடைக்காரர் மெத்திலீன் புளூவும் டெட்ராசைக்ளின் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். அவற்றைத் தொட்டியில் போடலாமா, எந்த மீனைப் பிரிப்பது என்பது உங்கள் கேள்வி.

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மருந்துகளையும் தொட்டியில் போடாதீர்கள். சக்கர் மீனை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, முந்தைய இரவே வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு வைத்த நீரை ஊற்றுங்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கக்கூடும் என்பதால் இந்த ஓர் இரவுக் காற்றோட்டம் அவசியம். இந்த மூன்றில் எதுவும் 'காமெட் கடிக்கிறது' என்ற முடிவை வைத்துச் சொல்லப்பட்டது அல்ல. நீங்கள் நேரில் கண்டவை துரத்தலும் கிழிந்த வாலும் மட்டுமே. கடித்ததைக் கண்டதாக நீங்கள் எழுதவில்லை. அவ்விரண்டையும் சேர்த்து ஒரே காரணமாக்கிவிடுவது எல்லோருக்கும் இயல்பாக வருவதுதான். ஆனால் தங்கமீன் தொட்டிகளைப் பொறுத்தவரை, துரத்தலுக்கு ஒரு காரணமும் வால் சேதத்துக்கு வேறொரு காரணமும் இருப்பதே பெரும்பாலும் வழக்கம்.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கெண்டையைப் போலவே இதற்கும் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால்தான் உணவை அரைக்கிறது. ஃப்ளவர்ஹார்ன் என்ற அலங்கார மீனைப் போலத் தனக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதற்காகச் சண்டையிடும் குணமும் இதற்கு இல்லை. அதற்காக, பல்லில்லாத மீன் சேதமே செய்யாது என்று கொள்ளவும் கூடாது. டைகர் பார்பும் தாடையில் பல்லில்லாத இதே குடும்பத்து மீன்தான். அது நீண்ட துடுப்புள்ள மீன்களை என்ன பாடு படுத்தும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். தங்கமீன் எதையும் வாயால் உறிஞ்சிப் பார்க்கும் பிராணி. பசியோடிருக்கும்போது எதிரே அசையும் நீண்ட வாலையும் அது உறிஞ்சி இழுக்கும். அப்போது துடுப்புக் கதிர்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சவ்வு பிரிந்துபோகும். எனவே காமெட்களை முற்றிலும் குற்றமற்றவை என்று நான் சொல்லவில்லை. விசாரணையை அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தொடங்க வேண்டிய இடம் தண்ணீர். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. பில்டரின் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதைவிடத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். நீங்களோ மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கற்களையும் பில்டரையும் சேர்த்துக் கழுவிவிடுகிறீர்கள். அதாவது, உங்கள் தொட்டி ஐந்து மாதம் பழையது அல்ல. ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்கப்படும் தொட்டி அது. பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் அந்த நீரில் அம்மோனியா ஏறிக்கொண்டே போகலாம், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

போர் தண்ணீர் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. நீரிலுள்ள அம்மோனியா முழுவதும் ஒரே அளவில் நஞ்சாவதில்லை. நீரின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7 ஆகவும் வெப்பம் 25 டிகிரியாகவும் இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆக உயர்ந்தால் அது ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பம் 30 டிகிரியானால் இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டில் பல இடங்களில் நிலத்தடி நீர் காரத்தன்மை உடையது. கோடையில் தொட்டி நீர் எளிதில் 30 டிகிரியைத் தொடும். அதே வெப்பத்தில் நீர் ஏற்றுக்கொள்ளும் ஆக்சிஜனும் குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் இருப்பது 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த நீருக்கு உரிய தங்கமீனுக்கு இவையெல்லாம் ஒரே நேரத்தில் சேரும்போது முதலில் பாதிக்கப்படுவது இரத்த ஓட்டம் குறைந்த துடுப்பு ஓரங்களே. நலிந்த ஓரத்தில், நீரில் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இடம் பிடிக்கின்றன. வால் அழுகல் என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்கு ஒரு மீன் இன்னொரு மீனைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

இதைக் கேட்டதும் சிலர் போர் தண்ணீரை விட்டுவிட்டு ஆர்.ஓ. நீரை நிரப்பிவிடுகிறார்கள். அது வேறொரு பள்ளம். ஆர்.ஓ. நீரில் பி.எச். அளவைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் மிகக் குறைவு. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும் வேலையின்போது அந்தக் கொஞ்சநஞ்சமும் கரைந்து, பி.எச். திடீரென்று சரிந்துவிடும். தங்கமீனுக்குக் கடின நீர் ஒத்துக்கொள்ளும். மாற்ற வேண்டியது நீரின் வகையை அல்ல, தொட்டியைக் கழுவும் பழக்கத்தை. வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றி, பில்டர் பஞ்சை அப்படி எடுத்த பழைய தொட்டி நீரிலேயே பிழிந்து அலசினால் போதும். குடிநீர் வாரியத்தின் குளோரின் கலந்த நீரைப் பயன்படுத்துபவர்கள், குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் சொட்டுகளைச் சேர்த்த பிறகே அதைத் தொட்டியில் விட வேண்டும். சொட்டு மருந்து வகைப் பரிசோதனைக் கிட் ஒன்றை வாங்கிவிடுங்கள்; மீன்களுக்கு நீங்கள் செய்யும் செலவிலேயே பயனுள்ள செலவு அதுதான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது.

அடுத்து, வாலைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மீனைப் பிடித்துப் பார்க்க வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாலே போதும். மற்றபடி முழுமையாக இருக்கும் வாலில் ஒரே ஓர் இடத்தில் நேர்க்கோடாகப் பிளந்து, ஓரம் சுத்தமாக இருந்தால் அது உரசலாலோ இழுபட்டதாலோ ஏற்பட்டது. பிறைபோல ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் இன்னொரு மீனையோ பில்டரின் உறிஞ்சு வாயையோ சந்தேகிக்கலாம். வாலின் ஓரம் முழுவதும் ஒழுங்கின்றி அரிக்கப்பட்டு, விளிம்பில் பால் நிறத்தில் ஒரு மங்கல் கோடு ஓடி, கதிர்கள் மட்டும் நார்போல நீட்டிக்கொண்டிருந்தால் அது அழுகல். உங்கள் விவரிப்பு இந்தக் கடைசி வகையோடுதான் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் பூஞ்சை. புண்ணின் மேல் பிறகு வந்து சேர்வது அது. வாலில் சிவப்பு இரத்தக் கோடுகள் தெரிந்தால் நீர் மோசமாக இருக்கிறது, அல்லது தொற்று உடலுக்குள் போகத் தொடங்கியிருக்கிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆறிவரும் வாலின் புதிய ஓரமும் முதலில் நிறமில்லாமல்தான் வளரும். அது மெல்லிய கண்ணாடித்தாள்போல ஒளி ஊடுருவக்கூடியதாகவும் விளிம்பு சீராகவும் இருக்கும். அழுகல் மங்கலாகவும் சிதைவாகவும் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல், குணமாகிவரும் மீனுக்கு மீண்டும் மருந்து ஊற்றுபவர்கள் ஏராளம். நீர் சரியானபின் ஓரங்களிலும் உடலிலும் கருப்புத் திட்டுகள் தோன்றினாலும் பயப்பட வேண்டாம். அம்மோனியாவால் வெந்த இடம் ஆறும்போது அப்படி நிறம் படிவதுண்டு.

இப்போது துரத்தலுக்கு வருவோம். காலை வேளையில், இரண்டு மீன்கள் சேர்ந்து ஒரே மீனை, அதுவும் வயிற்றின் பின்பகுதியில் மூக்கால் முட்டியபடி துரத்தினால், அது பகையல்ல, இனப்பெருக்க முயற்சி. ஒரண்டா, காமெட், பிளாக் மூர், ரியூக்கின் எல்லாம் உருவத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் ஒரே இனம். சீனாவில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வந்த வடிவங்கள்தான் இவை. ஆகவே காமெட் ஆணுக்கு ஒரண்டா பெண் பொருத்தமான துணையே. உங்கள் காமெட்களின் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முதல் கதிரிலும் ஊசிமுனை அளவு வெண்புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவை ஆண்கள், முதிர்ச்சி அடைந்துவிட்டன. இப்புள்ளிகளை வெண்புள்ளி நோய் என்று எண்ணிப் பலர் மருந்து போடுகிறார்கள். நோயானால் புள்ளிகள் உப்புத் தூவியதுபோல் உடலிலும் வாலிலும் எங்கும் சிதறியிருக்கும், மீன் கற்களில் உடலை உரசும். ஆண்மைக் குறி என்றால் மேற்சொன்ன இடங்களை விட்டுப் பெரும்பாலும் நகராது. மேலிருந்து பார்க்கையில் ஒரண்டாவின் வயிறு ஒரு பக்கம் சற்றுப் பருத்துத் தெரிந்தால் அது முட்டை சுமக்கும் பெண்ணாக இருக்கலாம்.

மழைக்காலத்திலோ, சற்றுக் குளிர்ந்த புதிய நீரை நிறைய ஊற்றிய மறுநாளோ இந்தத் துரத்தல் தீவிரமாகும். நீங்கள் தொட்டியைக் கழுவிய நாளையும் துரத்தல் தொடங்கிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குளத்தில் என்றால் பெண் மீன் செடிகளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் ஆண்கள் அடங்கிவிடும். இரண்டடித் தொட்டியில் ஒதுங்க இடமில்லை. இரண்டு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு அந்தப் பெண்ணைக் களைத்து வீழ்த்திவிடும். ஓடும்போது கற்களிலும் அலங்காரப் பொருட்களிலும் மோதி வாலும் செதிலும் பெயரும். சேதம் துரத்தலால்தான், ஆனால் கடியால் அல்ல என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. முட்டையிட்டுவிட்டால் அவை செடியிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானவற்றை அவையே தின்றுவிடும். மிஞ்சியவற்றைத் துடைத்தெடுத்துவிடுங்கள், அழுகினால் மறுபடியும் அம்மோனியாதான்.

வெண்புள்ளிகள் எதுவும் இல்லை, துரத்தல் உணவு போடும் நேரத்தை ஒட்டியே நடக்கிறது என்றால் காரணம் பசியும் போட்டியும். காமெட் ஒற்றை வாலும் ஒல்லி உடலும் கொண்ட வேக நீச்சல்காரன். ஒரண்டாவோ உருண்டை உடலையும் இரட்டை வாலையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். தலைமேல் வளரும் சதை முற்றினால் கண்ணையும் மறைக்கும். பிளாக் மூரின் துருத்திய கண்களுக்குப் பார்வையே மந்தம். இவை மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் விற்பனை குறையும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. மிதக்கும் உணவைக் குறைத்து மூழ்கும் உணவைத் தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். இரண்டு நிமிடங்களில் தீரும் அளவை நாளுக்கு இருமுறை கொடுக்கலாம். தோலுரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணி, லேசாக வதக்கிய கீரை போன்றவற்றை இடையிடையே கொடுத்தால், நாள் முழுவதும் மேயும் பழக்கமுள்ள இந்த மீன்களுக்கு அடுத்தவர் வாலை மெல்லும் நேரம் குறையும். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்த்துவிடுங்கள். சாக்கடைச் சேற்றில் வளரும் அது நோயையும் கூடவே கொண்டுவரும்.

சக்கரை ஏன் முதலில் எடுக்கச் சொன்னேன் என்பதற்கு விளக்கம் தர வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி இதை ஏறக்குறைய ஒவ்வொரு தொட்டியோடும் சேர்த்து விற்கிறார்கள். குட்டியாக இருக்கும்வரை கண்ணாடியில் படியும் பாசியைத்தான் தின்னும். வளர வளரப் பாசி போதாமல் போகிறது. அப்போது இரவில் விளக்கணைந்தபின், அசைவின்றி நிற்கும் பருத்த தங்கமீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, மேல் தோலின் வழுவழுப்பைச் சுரண்டித் தின்னப் பழகிவிடுகிறது. பகலில் ஒன்றும் அறியாததுபோல் மூலையில் கிடக்கும். காலையில் விளக்கைப் போடும்போது ஒரண்டாவின் விலாவில் வட்டமாக வெளுத்த தழும்போ செதில் பெயர்ந்த இடமோ தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. தவிரவும், அது கழிவைக் குறைப்பதில்லை; ஒரு பெரிய சக்கர் போடும் கழிவு ஒரு தங்கமீனுடையதற்குச் சளைத்ததல்ல.

உயிரற்ற பொருட்களையும் விட்டுவிடக் கூடாது. பழைய நைலான் காலுறை ஒன்றை எடுத்து, தொட்டியிலுள்ள பிளாஸ்டிக் செடி, சிப்பி, பீங்கான் அலங்காரம் ஒவ்வொன்றின் மேலும் தேய்த்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் வாலும் சிக்கும். அந்தப் பொருளைத் தூக்கி எறியுங்கள். பில்டரின் உறிஞ்சு வாய்க்கு ஒரு பஞ்சு உறை போடுங்கள்.

சிகிச்சைக்கு ஒரண்டாவை மட்டும் இருபது லிட்டர் நீர் கொள்ளும் ஒரு டப்புக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டியிலிருந்தே நீரை எடுக்காமல், வெப்பத்தைச் சரிபார்த்த புதிய நீரை நிரப்பி, ஏர் ஸ்டோனும் முடிந்தால் ஏற்கெனவே ஓடிய ஒரு ஸ்பாஞ்ச் பில்டரும் போடுங்கள். மீனைச் சிறு பாத்திரத்தில் நீரோடு சேர்த்து மொண்டு எடுப்பது நல்லது. கிழிந்த வாலுக்கு வலை பகை. லிட்டருக்கு 2 கிராம் என்ற கணக்கில் 40 கிராம் கல் உப்பை எடைபோட்டு எடுத்து, தனிக் குவளையில் முழுவதும் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாகச் சேருங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். உப்பு ஆவியாகிப் போவதில்லை என்பதால், மாற்றிய ஏழு லிட்டருக்கான 14 கிராமை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு அளவைக் கொட்டினால் சில நாட்களில் மீன் உப்புக் கரைசலில் நீந்தும். இதைப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் தொடரலாம். செடிகள் உப்பை எளிதில் தாங்கா என்பதால் பெரிய தொட்டியில் உப்பிட வேண்டாம்.

மருந்துகளை ஏன் மறுத்தேன் என்றால், மெத்திலீன் புளூ முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் தடுக்கவும் புறப்பூஞ்சைக்கும் உதவும் சாயம். பில்டரில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அது கொல்லும். அம்மோனியாவால் வந்த புண்ணுக்கு அதை ஊற்றினால் அம்மோனியா இன்னும் ஏறும். டெட்ராசைக்ளின், கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு பிணைந்து பெருமளவு வீரியமிழந்துவிடும். உங்கள் போர் தண்ணீரில் அது மீனுக்குப் போய்ச் சேரும் அளவு மிகக் குறைவு. அரைகுறை அளவில் எதிருயிரி மருந்தைப் போடுவது, அதற்கு அடங்காத பாக்டீரியாக்களை வளர்ப்பதில் முடியும். அழுகல் வாலின் அடிப்பகுதியை நெருங்கினாலோ, உடலில் சிவப்பு படர்ந்தாலோ, மீன் உணவை மறுத்தாலோ, அப்போது எதிருயிரி தேவைப்படும். அதைக் கால்நடை மருத்துவர் அல்லது மீன்வள மருத்துவர் ஒருவர் அளவிட்டு, உணவில் கலந்து கொடுக்கச் சொல்வதே முறை. வால் அடிவரை கரையாதவரை துடுப்புக் கதிர்கள் மீண்டும் வளரும். சுத்தமான நீரில் ஓரிரு வாரங்களில் புதிய ஓரம் தெரியத் தொடங்கும், முழு அளவை எட்ட சில மாதங்களும் ஆகலாம்.

கடைசியாக, யாரைப் பிரிப்பது என்ற உங்கள் கேள்வி. ஒரண்டா குணமானபின் திரும்பி வர வேண்டியது பிளாக் மூரிடம், காமெட்களிடம் அல்ல. 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர் என்றாலும், கற்களும் மேலே விட்ட இடைவெளியும் போக உள்ளே நிற்பது 45 லிட்டர் அளவுதான். முதல் தங்கமீனுக்கு 75 லிட்டர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்பது அனுபவசாலிகள் பலரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி இந்தத் தொட்டி ஒரு மீனுக்கே குறைவு. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி 190 லிட்டர் கொள்ளும்; ஒரண்டாவும் மூரும் அதில் நிம்மதியாக வாழும். காமெட் ஓரடி வரை வளரக்கூடிய குளத்து மீன். சிமெண்ட் தொட்டியோ தோட்டக் குளமோ வைத்திருப்பவரிடம் அவற்றைக் கொடுத்துவிடுங்கள். ஆள் கிடைக்கும்வரை தொட்டியின் நடுவே துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைப் பொருத்தி இரு தரப்பையும் பிரித்து வையுங்கள். காமெட்களையோ சக்கரையோ ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். இப்படி விடப்பட்ட சக்கர்கள் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டு வாரங்களில் வால் தேறவில்லை என்றால் மருத்துவரிடம் போகும்போது அம்மோனியா, நைட்ரைட், பி.எச்., வெப்பம் ஆகிய நான்கு எண்களையும், டார்ச் வெளிச்சத்தில் எடுத்த வாலின் படத்தையும் கொண்டுபோங்கள்.